கோழியோடு நிற்பவரின் நிழல்

அளவெட்டி
22 பெப்ரவரி 2025

மதிப்பிற்குரிய ஆரணி அவர்களுக்கு,

தேவாலயச் செயலாளர் அருள்நேசன் எழுதிக்கொள்வது. என் தொலைபேசி இலக்கத்தை நீங்கள் புளொக் பண்ணிவிட்டதாக என் மனைவி ஹன்னா கண்டுபிடித்துச் சொன்னார். அதனால்தான் கனகாலத்துக்குப் பிறகு முத்திரை ஒட்டும் வேலை. கடிதம் போட வந்த என்னைத் தபால் கந்தோரில் இருந்த பிள்ளை புதினமாகப் பார்த்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாப்பிடாமல் போனது சரியில்லை. எங்கள் மாதர் சங்கத் தலைவி மியூரியல் அக்கா விடிய எழும்பி உங்களுக்காகச் சமைத்தவர். நீங்கள் சைவம் என்று கேட்டறிந்து, வாழைப்பூ வறையும் பூசணிக்காய்க் கறியும் முருங்கைக்காய்க் குழம்பும் வைத்துக் காத்திருந்தார். நீங்கள் ஓட்டோவால் இறங்கி, ஒரு சுற்றுப் பார்த்து, "ஆரிட்டைக் கேட்டு வெட்டினியள்?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, வந்த ஓட்டோவிலேயே திரும்பி ஏறிவிட்டீர்கள். அவருக்கு இன்னும் அந்த மனவருத்தம் மாறவில்லை.

எங்கள் பக்க நியாயத்தையும் கேளுங்கள். 1938ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மிஷன் அம்மா ஒருவர் எங்கள் ஆலய வாசலில் நின்று ஒரு படம் எடுத்தார். அதே மாதத்தில், அதே வாசலில் நின்று, அதே படத்தை மறுபடி எடுக்க வருகிறேன், உங்கள் ஒத்துழைப்பு தேவை என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அதை ஆராதனை முடிவில் நானே எழும்பி வாசித்தேன். பழைய படத்தின் பிரதியையும் எல்லோரும் பார்த்தார்கள். வெட்ட வெளி, செம்மண், தண்ணீர் இறைக்கும் துலாவோடு ஒரு கிணறு, சபையார் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் பனைகள். இப்போது வாசலில் நின்று பார்த்தால் ஒரே பற்றை. பற்றைக்குள் அதே படம் எப்படி வரும்? போதகரும் யோசித்தார், நானும் யோசித்தேன். உடனே சிரமதானம் வைத்தோம். என் இரும்புக் கடையிலிருந்து கத்தி, கோடாலி, மண்வெட்டி எல்லாம் கொடுத்தேன். இரண்டு சனிக்கிழமை முழுச் சபையும் நின்று வெட்டி, கூட்டி, தண்ணீரும் தெளித்து வைத்தோம். முனைவர் ஆரணி அவர்களே வருக என்று பதாகையும் கட்டினோம். பட்டம் இன்னும் கிடைக்கவில்லை என்பது தெரியும். ஒரு மரியாதைக்காக முற்கூட்டியே போட்டது.

ஒன்று மட்டும் உண்மை. எவ்வளவு வெட்டியும் படம் சரியாகப் பொருந்தவில்லை. முக்கியமாக அந்தக் கிணற்றைக் காணவில்லை. இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் செய்கிறோம். உங்கள் கமரா முக்காலியைச் சுவரோடு சாத்திவிட்டுப் போய்விட்டீர்கள். அது என் கடையில் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
அருள்நேசன்


பேராதனை
1 மார்ச் 2025

திரு. அருள்நேசனுக்கு,

நான் இணுவிலில் பிறந்து வளர்ந்தவள். மற்றவர் வீட்டுச் சோற்றை மதிக்க எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒரு பிடி வாயில் வைத்திருந்தாலும் தொண்டைக்குள் இறங்கியிருக்காது.

ஆற அமர ஒருமுறை சொல்கிறேன், தயவுசெய்து இதையும் எழும்பி நின்று வாசியுங்கள். பழைய படம் எடுத்த அதே இடத்தில் நின்று மறுபடி எடுப்பது, அந்த இடம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கத்தான். மாறாமல் இருப்பது கமரா நிற்கும் இடம் மட்டும். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் தன்பாட்டில் மாறியிருக்க வேண்டும். வயதானவரின் நரையைப் படம் எடுக்க வருகிறேன் என்று சொன்னால், நீங்கள் அவருக்கு டை பூசி, பவுடரும் போட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள்.

பற்றை என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன என்று தெரியுமா? 1990இல் சண்டையில் எல்லோரும் எழும்பிப் போனீர்கள். இராணுவம் திரும்பிப் போக விட்டது 2017இல். இடையில் இருபத்தேழு வருடம் ஒரு மனிதரும் அங்கே கால் வைக்கவில்லை. யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. குருவியும் வௌவாலும் அணிலும் கொண்டுவந்து போட்டதில் வேம்பும் மஞ்சவண்ணாவும் கொன்றையும் இலந்தையும் எழும்பி, வலிகாமத்துச் செம்மண்ணில் ஒரு சின்னக் காடு உண்டாகியிருந்தது. 2018இல் நான் படிக்கும்போது வந்து உங்கள் மேற்கு வாசலில் நின்று ஒரு படம் எடுத்தேன். அப்போது ஆலயத்துக்குக் கூரையும் இல்லை. ஏழு வருடத்தில் அந்த மரங்கள் எவ்வளவு உயர்ந்தன என்று பார்க்க ஓடி வந்தால், வழித்துத் துடைத்து வைத்திருக்கிறீர்கள்.

குடாநாட்டில் நான் எடுக்கும் மற்ற இடங்களுக்கெல்லாம் நாற்பது வருடத்துக்கு முந்திய படம்கூட இல்லை. உங்கள் இடம் ஒன்றுக்குத்தான் 1938இன் படம் இருக்கிறது. என் ஆய்வே அதில்தான் நிற்கிறது. மே மாதம் ஒப்படைக்க வேண்டும். இப்போது என்னிடம் இருப்பது கூட்டிப் பெருக்கிய ஒரு முற்றம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

கிணறு தூர்ந்து போயிருக்கும். அதைத் தேட வேண்டாம். அந்த மேற்குப் பக்கத்தில் இனி ஒரு புல்லையும் தொடாதீர்கள்.

அன்புடன் என்று எழுத இன்னும் மனம் வரவில்லை.

ஆரணி


அளவெட்டி
9 மார்ச் 2025

மதிப்பிற்குரிய ஆரணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இன்று ஆராதனை முடிவில் எழும்பி நின்று வாசித்தேன். டை பூசிய இடத்தில் சபை சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. படம் எடுக்க ஆள் வருகிறார் என்றால் துப்புரவாக்கி வைப்பதுதானே நாங்கள் பழகிய பழக்கம். கலியாண வீட்டிலும் அப்படித்தான், செத்த வீட்டிலும் அப்படித்தான். உங்கள் ஆட்கள் சொல்வதுபோல் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போய்விட்டது. மன்னியுங்கள்.

வெறும் வாயால் மன்னிப்புக் கேட்டால் போதாது என்று உடனேயே கூட்டம் போட்டோம். குரோட்டனும் ஒட்டுமாங்கன்றும் கொண்டுவந்து நட்டுவிடுவோம் என்று மியூரியல் அக்கா சொன்னார். அது உங்களுக்கு இன்னும் கோபத்தைக் கூட்டும் என்று எனக்குப் பட்டது. அதனால் நான் வேறு யோசனை சொன்னேன், சபை ஏற்றுக்கொண்டது. மேற்குப் பக்கத்தை நீங்கள் தொட வேண்டாம் என்று சொன்னபடி தொடமாட்டோம். ஆனால் கிணறு தூர்ந்தது என்பதை எங்களால் நம்ப முடியவில்லை. தூர்ந்த கிணறு என்றாலும் கட்டுக் கல்லாவது கிடக்க வேண்டும். மேற்கே ஒரு கல்லும் இல்லை. ஆகவே ஆலயத்துக்குப் பின்னால், கிழக்குப் பக்கத்துப் பற்றைக்குள்தான் கிணறு இருக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை, 15ஆம் திகதி, காலை ஆறு மணிக்குச் சிரமதானம். கிழக்கையும் வெட்டிக் கிணற்றைக் கண்டுபிடித்துத் தந்தால் உங்கள் ஆய்வுக்கு ஒரு பிடி கிடைக்கும் அல்லவா? இந்த முறை பதாகை இல்லை.

இன்னொரு புதினம். உங்கள் பிரதியை மியூரியல் அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு உற்றுப் பார்த்தார். அதன் கீழே நீங்கள் மாலை நேரம், வயலால் திரும்பும் மக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "வெள்ளை வேட்டியும் சால்வையுமாய் ஆர் பிள்ளை வயலுக்குப் போறது? உது எங்கடை ஏலம்" என்றார். அறுவடை முடிந்து வருகிற நன்றி ஆராதனைக்கு ஒவ்வொருவரும் தங்கள் விளைச்சலில் ஒன்றைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே வைத்து அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். இன்றைக்கும் நடக்கிறது. படத்தில் ஒருவர் வாழைக்குலையோடு நிற்கிறார், முன்னால் நிற்பவர் கோழியோடு. அந்தக் கோழி அவர் ஏலத்தில் எடுத்தது. காலை பதினொரு மணிக்குள் எங்கள் ஏலம் முடிந்துவிடும். கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னேரம் மட்டும் ஆர் நிற்கப்போகிறார்? படித்த பிள்ளை, இதைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
அருள்நேசன்


பேராதனை
16 மார்ச் 2025

அருள்நேசன் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே பல்கலைக்கழகக் கந்தோருக்கு வந்து, நேற்றுக் காலைதான் என் கைக்கு வந்தது. வாசித்துக்கொண்டு போக எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே உங்கள் இலக்கத்தை புளொக்கிலிருந்து எடுத்து அழைத்தேன். ஹன்னா அக்கா எடுத்து, "அவர் கத்தியோடை நிக்கிறார், பொறுங்கோ" என்று சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல காலம், நீங்கள் வெட்டத் தொடங்குமுன் பிளேன்ரீ குடிக்கிற ஆட்கள். கரையில் நின்ற ஒரு பனை வடலியோடு காடு தப்பியது.

தொலைபேசியில் நான் கத்தியது மட்டும்தான் உங்களுக்கு விளங்கியிருக்கும். காரணத்தைச் சொல்லி முடிக்குமுன் காசு தீர்ந்துவிட்டது. இப்போது சொல்கிறேன்.

படத்தை எடுத்துப் பாருங்கள். நிற்பவர்களின் நிழல் எங்கே விழுகிறது? கமராவை நோக்கி. கோழியோடு நிற்பவரின் நிழல் படத்தின் அடி ஓரம் வரை வருகிறது. அப்படியென்றால் சூரியன் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறது. படத்தின் பின்புறத்தில் ஆலய வாசலில் இருந்து என்று எழுதியிருக்கிறது. உங்கள் ஆலய வாசல் மேற்கே பார்க்கிறது. மேற்கே பார்த்து எடுத்த படத்தில் சூரியன் எதிரே நின்றால் அது பின்னேரம். இதுதான் நான் போட்ட கணக்கு. இந்தக் கணக்கை நம்பி 2018இல் நாலரை மணிவரை காத்திருந்து எடுத்தேன்.

ஆனால் அது காலை ஏலம் என்றால் சூரியன் கிழக்கே நிற்கும். சூரியன் எதிரே நிற்கக் கமரா கிழக்கேதான் பார்த்திருக்க வேண்டும். அந்த அம்மா நின்றது நான் நின்ற வாசல் இல்லை. ஏழு வருடமாக நான் ஆலயத்தின் பிழையான பக்கத்தில் நின்றிருக்கிறேன். நீங்கள் வெட்டித் தள்ளிய காடு அந்தப் படத்தில் ஒரு மூலையில்கூட இல்லை. படத்தில் இருப்பது கிழக்கு. நேற்று நீங்கள் வெட்டப் போனது அதைத்தான்.

கிணற்றைக் காணவில்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதினீர்கள். நான் கோபத்தில் கவனிக்கவில்லை. வாழைக்குலையையும் கோழியையும் பார்த்துவிட்டு வயல் என்று எழுதிய என்னைப் பற்றி மியூரியல் அக்கா என்ன சொன்னாலும் தகும்.

இப்போது உங்கள் உதவி வேண்டும், அண்ணை, ஆனால் கத்தி இல்லாமல். கிழக்குப் பக்கத்தில் எப்போதாவது ஒரு வாசல் இருந்ததா என்று பாருங்கள். காட்டுக்குள் ஒரு கொப்பையும் முறிக்காமல் நுழைந்து, அங்கே கிணறு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நான் பிழைத்தேன். இல்லாவிட்டால் மே மாதம் என்ன ஒப்படைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மியூரியல் அக்காவிடம் அன்று நான் கேட்ட விதம் சரியில்லை. என் சார்பில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆரணி


அளவெட்டி
24 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சி ஆரணிக்கு,

கிணறு இருக்கிறது.

நீ சொன்னபடி கத்தி இல்லாமல் போனோம். போதகரும் நானும் நாலு காலில் தவழ்ந்தோம். போதகரின் காற்சட்டையை இலந்தை முள் பிடித்து வைத்துக்கொண்டு விடவே இல்லை. கொப்பை முறிக்கக்கூடாது என்று நீ சொன்னதால், காற்சட்டையைத்தான் கிழிக்க வேண்டியிருந்தது. ஆலயச் சுவரிலிருந்து ஐம்பது முழம் போயிருப்போம், கையில் கல் தட்டுப்பட்டது. வட்டக் கிணற்றுக் கட்டு, பக்கத்தில் துலா பூட்டிய தூண்கள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. ஒரு வேம்பு கட்டைப் பிளந்துகொண்டு எழும்பி, இப்போது நான் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருக்கிறது.

வாசலும் இருந்திருக்கிறது. போதகர் உடுப்பு மாற்றும் அறையில் அலுமாரியை அரக்கிப் பார்த்தோம், சுவரில் அடைத்த வளைவு ஒன்று தெரிகிறது. வெளியே சருகுக்குக் கீழே மூன்று படிகள். ஊரில் வயது கூடிய கதிரவேலு மாஸ்டரிடம் விசாரித்ததில், அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு திருத்தும்போது புது றோட்டுப் பக்கம் வாசல் வேண்டும் என்று மேற்கே வெட்டி, கிழக்கை அடைத்தார்களாம். ஆலயத்தையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள், செயலாளரான எனக்குத் தெரியாது. ஆகவே ஏழு வருடம் பிழையான பக்கத்தில் நின்றேன் என்று கவலைப்படாதே. எனக்கு நாற்பத்தாறு வயது, பிறந்ததிலிருந்து நானும் அதைத்தான் வாசல் என்று நினைத்தேன்.

இனி ஒரு தொந்தரவைச் சொல்கிறேன். கிணறு கிடைத்த சந்தோஷத்தில் சபைக்குக் கை துருதுருக்கத் தொடங்கிவிட்டது. முழுதாக வெட்ட வேண்டாம், படியில் நின்று பார்க்கக் கிணறு தெரிகிற அளவுக்கு ஒரு சன்னல் மட்டும் வெட்டுவோம், அந்தப் பிள்ளைக்குக் கிணறு தெரிந்தால்தானே இதுதான் இடம் என்று காட்டலாம் என்று நேற்று ஆளுக்காள் சொன்னார்கள். நல்ல மனத்தோடு சொல்கிறார்கள், அதுதான் கஷ்டம். போதகரும் தலையை ஆட்டினார். சபை ஒன்றைச் சொன்னால் எழுதிக்கொள்வதுதான் இதுவரை என் வேலை. பதினொரு வருடத்தில் ஒருநாளும் எதிர்த்துக் கதைத்ததில்லை. நேற்று எழும்பிவிட்டேன். "அந்தப் பிள்ளை படம் எடுக்க வாறது காட்டை. கிணத்தையில்லை. ஆரும் கத்தியோடை போறதெண்டால் என்னைத் தாண்டித்தான் போகவேணும்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹன்னா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கடைசியில் போதகர், செயலாளர் சொல்வதுபோல் செய்வோம் என்றார்.

ஆனால் எவ்வளவு நாளைக்கு இவர்களைப் பிடித்து வைத்திருப்பேன் என்று சொல்ல முடியாது. கெதியாக வா. ஏப்ரல் 5ஆம் திகதி சனிக்கிழமை வசதி. மியூரியல் அக்கா சொல்லிவிட்டது: "முதலிலை சாப்பாடு. பிறகுதான் படம்." காலைச் சூரியனில்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அப்படியென்றால் காலைச் சாப்பாட்டை நேரத்தோடு வைக்கிறேன் என்கிறார். இடியப்பமும் சொதியும்.

அன்புடன்,
அருள்நேசன் அண்ணை


பேராதனை
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் எல்லோருடைய முகத்தையும் அன்று பார்த்தேன். படியில் முக்காலியை வைத்து, ஒரு மணித்தியாலம் அளந்து, சூரியன் வரும்வரை காத்திருந்து எடுத்த படத்தைக் கமராவின் சின்னத் திரையில் காட்டியபோது எல்லோரும் அதற்குள் கிணற்றைத் தேடினீர்கள். மியூரியல் அக்கா என் தோளைத் தட்டி, "பரவாயில்லைப் பிள்ளை, இன்னொருக்கால் எடு" என்றார். படம் பிழைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

பிழைக்கவில்லை. பெரிதாக அச்சடித்து இத்துடன் அனுப்புகிறேன். முழுவதும் இலை. கிணறு இல்லை, வெளி இல்லை, வானம்கூட ஒரு விரலளவுதான். 1938இல் கிணற்றுக்கு அப்பால் பனைவரிசை வரை பார்க்கக்கூடியதாக இருந்த வெளியில், இப்போது படியிலிருந்து கையை நீட்டினால் அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே தெரியாத ஒரு படத்தை எடுத்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் பஸ் ஏறியதில்லை. என் பேராசிரியரிடம் காட்டினேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, ஆய்வின் முதல் பக்கத்திலேயே போடுங்கள் என்றார். மே மாதம் ஒப்படைக்கிறேன். சூரியன் அதே இடத்தில் நிற்க, அடுத்த பெப்ரவரியில் ஒருமுறை எடுக்கவும் வருவேன்.

மேற்குப் பக்கம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துத் துக்கப்பட வேண்டாம். அதைக் கூட்டாமல், நடாமல் அப்படியே விடுங்கள். 2018இல் நான் பிழையாக எடுத்த படமும் இப்போதைய படமும் அதற்கு இருக்கின்றன. வெட்டிய நாள் எந்தக் காட்டுக்கும் இவ்வளவு சரியாகத் தெரிந்திருப்பதில்லை, அண்ணை. அதுவும் ஒரு ஆய்வு.

காட்டைக் காத்தது நீங்கள்தான். பதினொரு வருடம் பேசாமல் இருந்தவர் அன்று எழும்பாமல் விட்டிருந்தால், நான் கிணற்றை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். இதை எழுதும்போது கண் கலங்குகிறது, எழுதாமல் விடவும் மனமில்லை.

இடியப்பத்தை எண்ணாமல் சாப்பிட்டதை ஹன்னா அக்கா எங்கள் வீட்டில் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
ஆரணி


அளவெட்டி
21 ஏப்ரல் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று உயிர்த்த ஞாயிறு. ஆராதனைக்குப் பிறகு உன் படத்தையும் 1938ஆம் ஆண்டுப் படத்தையும் வாசலில் ஒரு மேசையில் வைத்தோம். முழுச் சபையும் வந்து பார்த்தது. பழைய படத்துக்கு முன்னால்தான் எல்லோரும் கூடி நின்றார்கள். இது என்ரை அப்பாவின்ரை சித்தப்பா, இது சங்கரப்பிள்ளை உபதேசியார் என்று விரலை வைத்துக் காட்டினார்கள். புதுப் படத்தில் விரலை வைத்துக் காட்ட ஒருவரும் இல்லை.

போதகருக்கு மனம் கேட்கவில்லை. பழைய படத்தில் முழுச் சபையும் நிற்கிறது, புதுப் படத்தில் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே, அடுத்த பெப்ரவரியில் எடுக்கும்போது நாங்களும் படியில் நிற்கலாமா என்று அந்தப் பிள்ளையைக் கேட்டு எழுதுங்கள் என்று என்னிடம் சொன்னார். எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் எழுதத்தான் இருந்தேன்.

மியூரியல் அக்கா மட்டும் அந்தப் புதுப் படத்தை விட்டு நகரவில்லை. 1990இல் கடைசியாக ஆலயத்தைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனவர் அவர்தான் என்பது உனக்குத் தெரியாது. பிறகு போதகரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏன் ஐயா, முந்தி இஞ்சை இருந்த ஆக்கள் நிண்டு படம் எடுத்தவை. பிறகு இருபத்தேழு வருசம் நாங்கள் இல்லை. உந்த மரங்கள்தானே இஞ்சை இருந்ததுகள். உதுகள் நிக்கட்டும்."

போதகரும் ஓம் என்றார். ஆகவே நாங்கள் படியில் நிற்கவில்லை, நீ தனியாக எடு. நாங்கள் கமராவுக்குப் பின்னால், உனக்குப் பக்கத்தில் நிற்கிறோம்.

அன்புடன்,
அருள்நேசன் அண்ணை